வரிசையில் நிற்காதவள்

குக்கரின் ரப்பர் வளையம் பழசாகிவிட்டால் நீராவி விசிலுக்குப் போகாது. மூடியின் ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும். பருப்பு வேக நேரமாகும். அன்று காலை என் மனைவி பேபி பேசிக்கொண்டிருந்தது அதைப் பற்றித்தான். அவள் அன்று எதுவும் சாப்பிடக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் எங்கள் மகள் ஆக்னஸ் ஆபீசுக்கு எடுத்துப் போவதற்காகச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, கேஸ்கட் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கி. இன்னைக்காவது ஜெனரல் பஜார்ல இறங்கிப் பாருங்க.”

இன்றைக்கா என்று கேட்டேன்.

“கைக்கு, இன்னைக்கு என்ன? குழாய் விடப் போறது எனக்குல்லா. உங்களுக்கு இல்லையே.”

ஆக்னஸ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சிரித்தாள். “மம்மி, யூ ஆர் டூ மச்,” என்றாள். தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும்; பதில்தான் இங்கிலீஷில் வரும். பேபியும் செகந்திராபாத்தில் பிறந்தவள்தான். ஆனால் அவள் பேச்சு திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்துக்காரர்களுடைய பேச்சு; நடுவில் இந்த ஊர் உருது வந்து போகும், ஏன் என்பதற்குக் கைக்கு, ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ.

அது 1989 மார்ச். செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் குடியிருந்தோம். அன்று பகலில் நான் ஒரு காரியம் செய்தேன். இதுவரை அதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை. அன்று ஆஸ்பத்திரியில் கூட இருந்து, கேட்பதற்கு உரிமை உள்ளவர்களில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் பேபிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ராமசுவாமி. அவர் போன மாதம் காலமாகிவிட்டார். சில வருடங்களுக்கு முன்பு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் வலது கையை நிறுத்திப் பார்த்து, “அன்னிக்கு இந்தக் கை கொஞ்சம் பின்னால வந்துடுச்சு, கிதியோன்,” என்றார். பழைய விஷயத்தை விடுங்கள் சார் என்று சொல்லி, பாயசம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அவர் இலைக்கு இன்னொரு கரண்டி விடச் சொன்னேன்.

அவருடைய கை பின்னால் வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஹைதராபாத்தில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நான் டெக்னீஷியனாக இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பம்பாயிலிருந்து வரும் கதிரியக்க மருந்தை நோயாளிக்குப் போடும்படி கலந்து தயார் செய்வது என் வேலை. ஈயச் செங்கல் அடுக்கிய மேஜைக்குப் பின்னால் நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, இடுக்கியால் எடுத்து வேலை செய்ய வேண்டும். அடுத்த அறையில் காமா கேமரா இருந்தது. மருந்து உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று அது படம் எடுத்துக் காட்டும். கேமராவைத் தியாகு பார்த்துக்கொண்டார். என் வயதுக்காரர். இருபது வருடம் நாங்கள் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடித்தோம்.

அங்கே ஊழியர்களின் குடும்பத்துக்கு ஒரு சலுகை உண்டு. அது எழுதிவைத்த விதி இல்லை, வழக்கம். எங்கள் வீட்டார் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பேபிக்கு இரண்டு வருடம் முன்பு பெருங்குடலில் ஆபரேஷன் ஆனபோது அட்மிஷன் சீட்டுக்கூட நான்தான் வாங்கி வந்தேன். ரத்தம் எடுப்பவர் என் பெயரைச் சொன்னதும் அவளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். ரிசல்ட் நேராக என் கைக்கு வரும். டாக்டர்கள் என்னைப் பார்க்கும் இடத்தில், மாடிப்படியிலோ கான்டீனிலோ, விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். மற்ற நோயாளிகளை கமலா மேடம் என்று ஒரு சமூக சேவகி தனி அறையில் உட்காரவைத்து, என்ன நோய், என்ன செய்யப் போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று அவரவர் பாஷையில் கேட்பார். பேபி அந்த அறைக்குள் போனதே இல்லை. அவளுக்கு எல்லாவற்றையும் நான் சொன்னேன். அவள் பதிலை நான் கொண்டுபோய்ச் சொன்னேன். எல்லோரும் இதைப் பெரிய வசதி என்றுதான் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருடம் ஊசி மருந்து போட்டார்கள். அந்த வருடத்தைப் பற்றி விவரமாக எழுத எனக்கு இஷ்டமில்லை. வாந்தி வாளியை நான் கழுவினேன். கஞ்சி வைத்தேன். அவள் உடம்பைத் துடைத்துவிட்டேன். ஆக்னஸ் உதவிக்கு வந்தால் பேபி நக்கோ என்றுவிடுவாள். மகளுக்கு இதைக் காட்டக் கூடாது என்பது அவள் எண்ணம். வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடியே தூங்கிப்போய், அல்வாலைத் தாண்டி பொல்லாரத்தில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டது பல தடவை நடந்தது. அங்கிருந்து திரும்பி நடப்பேன். அந்த நடை எனக்குப் பிடித்திருந்தது. கையில் வாளி இல்லாமல் நடக்கிறோம் என்று இருக்கும்.

பிறகு அவள் தேறினாள். தலைமுடி வளர்ந்தது. பிப்ரவரியில் மறுபடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். அதே மாதம் எடுத்த படத்தில் ஈரலில் கட்டிகள் தெரிந்தன.

டாக்டர் ராமசுவாமி அப்போதுதான் வெளிநாட்டில் ஒரு வருடம் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார். கான்டீனில் என் எதிரே உட்கார்ந்து, பிஸ்கட் தட்டை ஈரல் மாதிரி நடுவில் வைத்துக்கொண்டு விளக்கினார். ஈரலில் வளரும் கட்டி முக்கியமாகத் தமனி வழியாக வரும் ரத்தத்தைத்தான் குடித்து வளர்கிறது. தொடையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை ஏற்றி அந்தத் தமனிக்குள் கொண்டுபோய், கதிரியக்கம் ஏற்றிய நுண்மணிகளை விட்டால், அவை கட்டிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு உள்ளேயிருந்தே அதைச் சுடும். உடம்பின் மற்ற பாகம் தப்பிக்கும். இந்தியாவில் அப்போது இதைச் செய்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது. மணிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கு மட்டும் செய்து பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்.

அதற்கு முன் ஓர் ஒத்திகை உண்டு. இந்த வைத்தியத்தின் திட்டமே அந்த ஒத்திகையில்தான் இருக்கிறது. நிஜ மணிகள் விடப்போகும் அதே இடத்தில், அதே அளவுள்ள தீங்கில்லாத துகள்களை முதலில் விடுவார்கள். அவற்றில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கும், கேமராவில் தெரிவதற்காக. துகள்கள் ஈரலிலேயே தங்கினால் நல்லது. நுரையீரலுக்கு அதிகம் தப்பிப் போனால் வைத்தியத்தைக் கைவிட வேண்டும். வயிற்றுக்குப் போகிற கிளை ரத்தக்குழாயில் நுழைந்து இரைப்பையில் தெரிந்தாலும் கைவிட வேண்டும். நிஜ மணிகள் அங்கே போனால் இரைப்பையில் ஆறாத புண் வரும். ஆக எல்லாம் ஒரு படத்தைப் பொறுத்தது. அந்தப் படம் நான் கலக்கும் மருந்தைப் பொறுத்தது.

வைத்தியம் இல்லாவிட்டால் எவ்வளவு காலம் என்று கேட்டேன். மழைக்காலம் வரைக்கும் என்றார். செய்தால்?

“ஒரு வருஷம் வாங்கிக் குடுக்கலாம்னு நினைக்கிறேன், கிதியோன். அதுக்கு மேலயும் போகலாம்.”

இதை அப்படியே பேபியிடம் சொன்னேன். அந்த அளவுக்கு நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். அவள் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்து புடவைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆக்னஸுக்கு எட்மண்ட் என்ற பையனை நிச்சயம் செய்திருந்தோம். அவன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். ஜனவரியில்தான் லீவு கிடைக்கும். அதற்கு முன் வர முடியுமா என்று கேட்டுப் பார்த்தாயிற்று, முடியாது என்றுவிட்டான்.

“ஹவ்,” என்றாள். “அது போதும்ங்க. ஜனவரி மட்டும் இருந்தாப் போதும். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கதைக் காதால கேட்டு, பிள்ளையைக் கைபிடிச்சு ஆல்டர் கிட்ட விட்டுட்டேன்னா, அதுக்கப்புறம் உங்க டாக்டரு என்னை எங்க வேணாலும் அனுப்பட்டும்.”

பிறகு எழுந்து, அரிசி ஊறப்போட்டாளா என்று ஆக்னஸிடம் கேட்கப் போய்விட்டாள்.

இரண்டாவது நோயாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் பழனிசாமி. ஈரோட்டுப் பக்கத்துக்காரர், சனத்நகரில் ஒரு பட்டறையில் டர்னர். மூன்று பிள்ளைகள். பேபிக்கு வரிசை கிடையாது என்றேன் அல்லவா, ஆனால் அவள் வேண்டுமென்றே போய் அந்த நீள பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். நாலு பேர் பேச்சைக் கேட்கலாம் என்பாள். அங்கேதான் பழனிசாமி பழக்கமானார். ஒத்திகைக்குத் தேதி குறித்த அன்று அவரும் வந்திருந்தார். பேபி முதல், அவர் அடுத்து.

“நீங்க மொதல்ல போயி கேட்டைத் திறந்து வையுங்கக்கா. நானு பின்னாலயே சைக்கிளை உருட்டிக்கிட்டு வந்தர்றேனுங்க.”

“மூடியிருந்தா ஏறிக் குதிச்சிருவீங்களாக்கும்?”

“நீங்க போயி மூடியிருக்குமுங்களா? வீட்டுக்காரரே உள்ள சாவி வெச்சிருக்காரு.”

இருவரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்று அவள் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

நான் எப்போது முடிவு செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு வருஷம் என்று டாக்டர் சொன்ன இடத்திலேயே தொடங்கியிருக்கலாம். அவருக்கு அது ஒரு கணக்கு. பேபிக்கு அது ஜனவரி. எனக்கு அது வாளி, கஞ்சி, பொல்லாரத்து பஸ். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவனுக்கு இன்னொன்றும் தெரியும்: வாங்கிக் கொடுக்கிற வருடத்தின் கடைசி மாதங்கள் எப்படி இருக்கும் என்று. அவளை அதிலிருந்து தப்பவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அமைதியாக, நியாயமாகத்தான் நினைத்தேன். கோபம் எதுவும் இல்லை. இருபத்தாறு வருடம் அவளுடன் வாழ்ந்தவன். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

ஒத்திகை அன்று காலை ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். கிளாக் டவர் அருகே நிற்கும்போது, கேஸ்கட் மறந்துவிடாதீர்கள் என்று முதுகில் தட்டினாள்.

டாக்டர் என் அறை வாசலுக்கு வந்தார்.

“உங்க வொய்ஃபுக்கு நீங்களே கலக்கணுமா? கஷ்டமா இருந்தா தியாகுவைப் பண்ணச் சொல்லலாம்.”

“வேண்டாம் சார். நானே பண்றேன்.”

அவர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அதை அவர் பிற்பாடு மற்றவர்களிடமும் சொல்லியிருக்கிறார், நான் எப்படிப்பட்ட புருஷன் என்பதற்கு.

செய்தது மிகச் சின்ன வேலை. துகள்கள் இருக்கும் சிறு புட்டியில் கொஞ்சம் தகர உப்பு இருக்கும். அதுதான் டெக்னீசியத்தைத் துகளோடு பிடித்துவைப்பது. தகர உப்புக்குக் காற்று ஆகாது. அதனால் புட்டியை ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். ஊசி குத்தும்போது ஒரு குமிழ் காற்றும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருவது அதைத்தான். நான் ஒரு ஊசி நிறையக் காற்றை இழுத்து உள்ளே விட்டேன். குலுக்கினேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு டெக்னீசியத்தைச் சேர்த்தேன். பாதி ஒட்டியது, பாதி ஒட்டாமல் நின்றது. ஒட்டாத டெக்னீசியத்துக்கு உடம்பில் ஒரு பழக்கம் உண்டு. குழாயை எங்கே வைத்து விட்டாலும் அது ரத்தத்தில் சுற்றி, இரைப்பையிலும் கழுத்துச் சுரப்பியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

எப்போதும் செய்கிற மாதிரி காகிதத் துண்டில் ஒரு சொட்டு வைத்துச் சோதித்தும் பார்த்தேன். பழக்கம்தான். நினைத்தபடியே இருந்தது. காகிதத்தை ஈயத் தொட்டியில் போட்டேன்.

ஊசியை நானே எடுத்துப் போனேன். பேபி விழித்துத்தான் இருந்தாள். தொடையில் மரத்துப்போக மட்டும் மருந்து கொடுத்திருந்தார்கள். டாக்டர் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி குழாயை நகர்த்திக்கொண்டிருந்தார். மிகவும் சுத்தமான வேலை. முனை எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது. நானும் திரையைப் பார்த்தேன்.

என் கையிலிருந்த ஈய உறையைப் பார்த்து, “நீங்க கலக்கினதா?” என்று பேபி கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

“அப்ப சரி,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேமரா. அவள் கொஞ்சம் படுத்திருக்கட்டும், அவசரமில்லை என்று தியாகுவிடம் சொன்னேன். தாமதமானால் இரைப்பையில் இன்னும் நன்றாகத் தெரியும். தியாகு அவளிடம் ஏதோ கிண்டல் பேசிக்கொண்டிருந்தார். எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டால் நீங்கள் எடுப்பதே இல்லையே என்று. பிறகு கேமராவைக் கீழே இறக்கினார்.

“கிதியோன், எவ்ளோ தூரம் எடுக்கட்டும்? மேல கழுத்து வேணுமா?”

“வேண்டாம். நெஞ்சு வரைக்கும் போதும்.”

“சரி.”

அவ்வளவுதான் பேச்சு. கழுத்தை எடுத்திருந்தால் அங்கே சுரப்பி மின்னியிருக்கும். தமனியில் விட்ட துகள் கழுத்துக்குப் போக வழியில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கிறது என்று தியாகுவுக்கே புரிந்திருக்கும். டாக்டரும் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். அவர்கள் இடத்தில் நான் இருந்தால் கழுத்தையும் எடு என்று கேட்டிருப்பேன். ஆனால் அவர்களுக்கு அது முதல் தடவை. அதோடு மருந்தைக் கலந்தவன் அவள் புருஷன்.

படம் வந்தது. ஈரல் நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் பிறை மாதிரி இரைப்பை. தியாகு எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். டாக்டர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, “வயித்துக்குப் போகுது,” என்றார். “முடியாது. சாரி, கிதியோன்.”

நான் தலையாட்டினேன்.

பேபியை அன்றிரவு வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஆக்னஸ் துணைக்கு இருந்தாள். நான் திரும்பும் வழியில் ஜெனரல் பஜாரில் ஸ்கூட்டரை நிறுத்தி கேஸ்கட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். படுத்தேன். மறுநாள் பால்காரன் கதவைத் தட்டித்தான் எழுந்தேன். அப்படித் தூங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இத்துடன் நின்றிருந்தால் களைத்துப்போனவன் அறிவு கலங்கிச் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமிருந்திருக்கும். இத்துடன் நிற்கவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் என்னை மாடிப்படியில் நிறுத்தினார். அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குழாயின் முனை தான் பார்க்காத நேரத்தில் பின்னால் வந்திருக்கும், அதனால்தான் துகள் வயிற்றுக் கிளையில் நுழைந்திருக்கிறது என்றார். இன்னும் உள்ளே தள்ளி வைத்து இன்னொரு ஒத்திகை பார்க்கலாம். கட்டி வளர்வதற்குள் செய்ய வேண்டும்.

“பேபியைக் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுச் சொல்லுங்கள் என்றார். வேறு யாருடைய மனைவியாக இருந்தாலும் கமலா மேடத்தின் அறைக்கு வரச் சொல்லியிருப்பார்.

நான் வீட்டுக்குப் போனேன். பேபியிடம், முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள், திரும்பச் செய்தால் வயிற்றுக்கு ஆபத்து என்றேன். அவள் ஆக்னஸின் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

“நான் ஒரு தடவை டாக்டரைப் பாத்துக் கேக்கட்டுமா?”

“அவரே மனசு உடைஞ்சு போயிருக்காரு. நீ போய் நின்னா இன்னும் சங்கடப்படுவாரு.”

கொக்கி தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தாள்.

“சரி. நீங்க கேட்டாப் போதாதா. நீங்க எனக்காகக் கேக்காமலா இருந்திருப்பீங்க.”

மறுநாள் காலை டாக்டரிடம் போய், “வேண்டாம்னு சொல்றா சார், உடம்பு தாங்காதுங்கறா,” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவியும் இப்படித்தான் சொல்வாள் என்றார். முதல் தடவையாவது எனக்குத் தூக்கமில்லை. இந்த இரண்டாவது காரியத்தைச் செய்யும்போது நான் ஒரு வாரம் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

பழனிசாமியைப் பற்றி நான் நினைக்கவேயில்லை. அவருக்குக் கெடுதல் செய்ய எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் டாக்டர் தன் கையை நம்புவதை விட்டுவிட்டார். இன்னும் மெல்லிய குழாய் வெளிநாட்டிலிருந்து வந்த பிறகுதான் அடுத்தவருக்கு என்று சொல்லிவிட்டார். குழாய் வர நாளாகும் என்று எல்லோருக்கும் தெரியும். டாக்டரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார், உங்கள் கை சரியாகத்தான் இருந்தது, மருந்துதான் கெட்டுப்போய்விட்டது, தவறுதலாகக் காற்று போய்விட்டது என்று சொன்னால்கூடப் போதும். யாரும் என்னைச் சந்தேகித்திருக்க மாட்டார்கள். தவறுதல் எல்லோருக்கும் வரும். ஆனால் அதைச் சொன்னால் பேபிக்கும் திரும்பச் செய்வார்கள்.

அவள் ஆகஸ்டில் இறந்தாள். கடைசி மாதங்களில் எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். வாளி, கஞ்சி, துடைப்பது, எதுவும் குறையவில்லை. ஜூலையில் ஒருநாள் கல்யாணத்துக்கு வாங்கிவைத்த வெள்ளைப் புடவையைக் கட்டிக் காட்டச் சொல்லி ஆக்னஸைக் கேட்டாள். “மம்மி, டோன்ட் டூ திஸ்,” என்று ஆக்னஸ் வெளியே போய்விட்டாள். பிறகு அவளாகவே கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பேபி கட்டிலில் உட்கார்ந்தபடியே மடிப்பைச் சரிசெய்து ஊக்கு குத்தினாள். “கொசுவம் கொஞ்சம் தூக்கியிருக்கு. அன்னைக்கு யாரையாவது பாத்துக் கட்டிவிடச் சொல்லு,” என்றாள்.

அடக்கத்துக்குப் பழனிசாமி வந்திருந்தார். கண்கள் மஞ்சளாகியிருந்தன. கல்லறைத் தோட்டத்து வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அக்கா எனக்கும் சேர்த்துத்தான் போனாங்க, சார். அந்த கேட்தான் திறக்கலீங்க.”

வெயிலில் நிற்க வேண்டாம், வீட்டில் டீ இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள் என்று சொன்னேன். அவரும் கிறிஸ்துமஸுக்கு முன்பே இறந்துபோனார். மெல்லிய குழாய்கள் அதற்குப் பிறகு வந்தன. டாக்டர் அவற்றைப் பிரிக்கவில்லை. அந்த வைத்தியத்தை எங்கள் ஆஸ்பத்திரியில் அவர் மறுபடி தொடவேயில்லை.

ஜனவரியில் ஆக்னஸின் கல்யாணம் நடந்தது. அதற்கு முன் கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவித்தபோது நான் முன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்தன்று கொசுவத்தைத் தியாகுவின் மனைவி வந்து சரிசெய்துவிட்டாள்.

இத்தனை காலமும் நான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது, அவளை வேதனையிலிருந்து தப்பவைத்தேன் என்பது. ஜெபத்திலும் அப்படித்தான் சொல்லிவந்தேன். டாக்டரின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த அன்று, இதை எழுதலாம் என்று உட்கார்ந்து, அந்த மார்ச் மாதத்தை ஒழுங்காக நினைத்துப் பார்த்தேன். மார்ச்சில் பேபிக்கு வலி எதுவும் இல்லை. தினம் பஸ் ஏறி எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் மோண்டா மார்க்கெட்டில் பேரம் பேசிக் காய் வாங்கினாள். வலி மே மாதம்தான் வந்தது. வைத்தியம் நடந்திருந்தால் மேயில் வந்திருக்காது.

மருந்தில் காற்றை விட்டது நான். கழுத்துப் படம் வேண்டாம் என்றதும் நான். அவள் வேண்டாம் என்கிறாள் என்று டாக்டரிடம் சொன்னேன். அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. களைப்பாக இருந்தது, அதனால் செய்தேன். இதற்கு மேல் காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஆக்னஸ் மஸ்கட்டிலிருந்து வரும்போதெல்லாம் அதே குக்கரில்தான் சமைக்கிறாள். ஆணியில் தொங்கும் கேஸ்கட்டைப் பார்த்து, “டாடி, ஒய் டோன்ட் யூ சேஞ்ச் இட்?” என்று கேட்பாள். மாற்றுகிறேன் என்பேன். அது இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. நீராவி மூடியின் ஓரத்தில் கசிகிறது. பருப்பு வேக நேரமாகிறது.